எதற்கென்று கேட்கக் கூடாது

போன வாரம் சின்னவள் அறைந்து சாத்திய கதவு மறுநாள் காலையே திறந்துவிட்டது. வாய்தான் இன்னும் திறக்கவில்லை.

அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் பல்கலைக்கழக நூலகத்தில்தான் வேலை. பெரியவள் பகலில் தகவல் மேசையில் இருப்பாள். இன்ன விஷயத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்களுக்குத் தேடி எடுத்துக் கொடுப்பது அவள் பாடு. சின்னவளுக்கு மாலைக் கவுண்டர். பக்கவாதம் வந்து படுத்து எழுந்த அப்பாவைப் பகலில் தங்கை பார்த்துக்கொள்வாள், மாலையில் அக்கா. நடுவில் விழும் இடைவெளியை, பஸ் ஓட்டிவிட்டு மதியத்துக்கு மேல் வந்து சேரும் பெரியவளின் கணவர் அடைப்பார். வீடு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதில்தான் நிர்வாகம் கை வைத்தது. புது ஒப்பந்தத்தில் மாலைக் கவுண்டரே வேண்டாமாம். ஒரு மெஷினும் ஒரு காவலாளியும் போதுமாம். மாலை ஊழியர்கள் பகலுக்கு மாறலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சின்னவள் பகலுக்கு மாறினால் அப்பா தனியாகக் கிடப்பார். வீட்டுக்குப் போனால் சம்பளம் போகும்.

இந்தக் கவலையில் இருந்தவளிடம்தான் போன வாரம் அக்கா வாயை விட்டாள். "வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வரத் தெரியாதா? தெனமும் கடைசி பஸ்ல வர அளவுக்கு அங்க என்னடி இருக்கு?"

"இனிமே வேலையே இருக்காது. நாள் பூரா வீட்லயே கெடக்கேன், போதுமா?" என்றாள் தங்கை. அடுத்தது அந்தக் கதவு.

இன்று பேச்சுவார்த்தை நாள். ஊழியர் சங்கத்தின் சார்பில் இரண்டு பேருமே போயாக வேண்டும். அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பெரியவளின் கணவர் லீவு போட்டிருந்தார். சமையலறை மேசையில் அப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் காலை உணவை முடித்தார்கள்.

"அப்பா, உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, குடை எடுத்துக்கச் சொல்லி."

"அப்பா, எனக்குக் கண்ணு இருக்கு, மேகம் தெரியுதுன்னு சொல்லுங்க."

அப்பாவிடம் இப்போதைக்கு இருப்பது இரண்டே சொல். "சரி" என்பது ஒன்று, "போ" என்பது இன்னொன்று. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போ" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்க இருவருக்கும் தைரியம் இல்லை.

செருப்பை மாட்டுவதற்கு முன் பெரியவள் வழக்கம்போல் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். அவள் கடவுளிடம் பெரிதாக எதையும் கேட்கிறவள் இல்லை. இன்று மட்டும், "என் வாயை நீ பாத்துக்கோ" என்று கேட்டுக்கொண்டாள்.

*

பேச்சுவார்த்தை நடந்தது நூலகத்தின் மேல்மாடிக் கருத்தரங்க அறையில். அங்கேதான் சங்கத்துக்கு முதல் தொல்லை. வாழ்நாள் முழுக்க "உஷ்" சொல்லியே பழகியவர்கள். கோபம் வந்தால் மற்ற தொழிலாளிகளுக்குக் குரல் ஏறும். இவர்களுக்கு இறங்கும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பதிவாளர், சங்கம் சம்மதித்துவிட்டது என்று இதுவரை பலமுறை தப்பாக நினைத்திருக்கிறார்.

சங்கத் தலைவர் பைண்டிங் பிரிவுக்காரர். கிழிந்த புத்தகங்களை ஒட்டி ஒட்டி விரல் இடுக்கில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். எதைப் பிடித்தாலும் விடமாட்டார். இரண்டுக்கும் சேர்த்து அவருக்கு "பசை" என்றே பெயர்.

காலைப் பொழுது, கவுண்டரில் இருப்பவர் உட்காரும் நாற்காலி யாருடைய பொறுப்பு என்பதிலேயே கழிந்தது. நூலகத்தின் பொறுப்பா, கட்டடப் பிரிவின் பொறுப்பா? கட்டடப் பிரிவிடம் கேட்க வேண்டும் என்றார் பதிவாளர். கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். வந்தார். கட்டடப் பிரிவு நூலகத்தைக் கேட்கச் சொன்னதாம்.

"நாங்கதான் சார் நூலகம்," என்றார் பசை, யாருக்கும் கேட்காத குரலில். "கரடியா கத்தறேன், காதுலயே போட்டுக்க மாட்டேங்கறீங்க."

"என்ன சொல்றீங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

பெரியவள் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள். பக்கத்தில் சின்னவள் காகிதத்தில் ஒரு நாற்காலியை வரைந்து, அதை அடித்து, மறுபடியும் வரைந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் கதவு திறந்து, நிர்வாகம் புதிதாக அமர்த்திய வக்கீலம்மா உள்ளே வந்தார். நரைத்த முடி, தூங்காத கண்கள், தோளில் பெரிய கைப்பை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு தடித்த கோப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

பெரியவளின் கண் அந்தக் கோப்பில் போய் நின்றது.

கோப்பிலிருந்து வரிசையாக அட்டைத் துண்டுகள் எட்டிப் பார்த்தன. கழித்துப் போட்ட பழைய அட்டைகளைக் குறுகலாக வெட்டி, தாளைக் கிழிக்காமல் இருக்க ஒரு முனையை மட்டும் சாய்வாக நறுக்கிய அடையாளத் துண்டுகள். அந்த நூலகத்தில் அப்படி நறுக்குகிற கை ஒன்றுதான் உண்டு.

சில வாரங்களுக்கு முன் தகவல் மேசைக்கு வந்த அம்மாளை அவளுக்கு இப்போது நன்றாக நினைவு வந்தது. மாலையில் ஆள் இல்லாமல் மெஷின் வைத்து நடக்கும் நூலகங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு நாள் பாடுபட்டு ஒன்று விடாமல் எடுத்து, தேதிவாரியாக அடுக்கி, முக்கியமான இடங்களில் துண்டு வைத்துக் கொடுத்தது அவள்தான். அந்த அம்மாள் களைத்துப்போய் இருக்கிறாரே என்று குடிக்கத் தண்ணீர் வேறு கொடுத்தாள்.

"மாலை நேரத்தை மெஷினை வெச்சே நடத்த முடியும்ங்கறதுக்கு இதுல போதுமான உதாரணம் இருக்கு," என்று தொடங்கிய வக்கீலம்மா, மேசையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை பெரியவள் மேல் நின்றது. முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா! இவங்களுக்கு நான் எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லணும். இது அத்தனையும் இவங்க தேடிக் குடுத்தது. எந்த ஆபீஸ்லயும் எனக்கு இவ்ளோ பொறுமையா யாரும் பதில் சொன்னதில்ல."

அந்த அம்மாள் அதை மனசாரச் சொன்னார். அதுதான் இன்னும் கொடுமை.

சின்னவளின் பென்சில் முனை உடைந்தது. பசை மெல்லத் திரும்பினார். "ஒரு சின்ன இடைவேளை," என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

*

படிக்கட்டுத் திருப்பத்தில் மூன்று பேரும் நின்று சண்டை போட்டார்கள். கீழே படித்துக்கொண்டிருந்த ஒருவர்கூடத் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

"ஏம்மா," என்றார் பசை, "எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கக் கூடாதுண்ணே."

"யாரு சொன்னது?"

"நீங்கதான்."

 சில வருஷங்களுக்கு முன், எந்த மாணவர் என்ன படிக்கிறார், எதற்காகப் படிக்கிறார் என்று கேட்டுக் குறித்து மேலே அனுப்பச் சொன்னது நிர்வாகம். முடியாது என்று வெயிலில் வாசலில் உட்கார்ந்து போராடியவர் இதே பசை. படிக்க வருகிறவரிடம் எதற்கென்று ஊழியர் கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஏற்றிவிட்டுத்தான் எழுந்தார். அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்து, கண்கலங்கி ஒரு பேச்சும் பேசினார்.

"அது மாணவங்களுக்காகம்மா!"

"மாணவங்கன்னு அதுல இல்லண்ணே. வர்றவங்கன்னுதான் இருக்கு."

பசை தலையில் அடித்துக்கொண்டார். காய்ந்த பசைத் துணுக்கு ஒன்று நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துவிடலாமா என்று பெரியவளின் கை பரபரத்தது. இது சமயமில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

"கேட்டாங்க, குடுத்தே. அவ்ளோதானே?" என்றாள் சின்னவள். ஒரு வாரத்துக்குப் பிறகு அக்காவைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு. "என் கழுத்துக்குக் கயிறு வேணும்னு ஒருத்தர் வந்து கேட்டாலும், எந்த அலமாரில இருக்குன்னு கூட்டிட்டுப் போய் காட்டுவே. முனையைச் சாய்வா நறுக்கித் துண்டும் வெச்சுக் குடுப்பே."

"ஏய், அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுடி."

"நான் யாருன்னு தெரியும்ல? நான் ஏன் லேட்டா வர்றேன்னு என்கிட்ட நோண்டி நோண்டிக் கேக்கத் தெரியுது. ஊர்ல போறவங்ககிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கக் கூடாதா?"

 அந்த நேரம் பார்த்துப் பெரியவளின் கைப்பேசி அதிர்ந்தது. கணவர்.

"ஏம்மா, உங்கப்பாகிட்ட மாத்திரையைக் குடுத்தா 'போ'ங்கறார். சரின்னு நானும் வெளிய போய் நின்னேன். ஜன்னல் வழியாப் பாத்து 'சரி'ங்கறார். உள்ள வந்தா மறுபடியும் 'போ'. பஸ்ஸே ஓட்டிடலாம் போலிருக்கு."

"என்னங்க, மாத்திரையை அவர் கைல வெச்சிட்டு நீங்க வேற பக்கம் திரும்பிக்கோங்க. யாரும் பாக்கலைன்னா போட்டுக்குவார்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

இங்கே ஏன் கேட்கவில்லை என்கிறார்கள், அங்கே ஏன் சொல்லவில்லை என்கிறார்.

பசை அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "இதோ பாரும்மா. பேச்சுவார்த்தை முடியற வரைக்கும் அந்தம்மாவுக்கு நம்ம ஆளுங்க யாரும் ஒரு தாள்கூட எடுத்துக் குடுக்கக் கூடாது. இது சங்கத்தோட முடிவு. சரியா?"

"சரிண்ணே," என்றாள் பெரியவள்.

மதியத்துக்கு மேல் நடந்ததைப் பேச்சு என்று சொல்ல முடியாது. வக்கீலம்மா ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் படித்தார். சங்கத்தினர் ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்தினார்கள். கடைசியில் பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாளைக் காலை நிர்வாகத்தின் இறுதி முடிவைச் சொல்வதாகச் சொன்னார். நாற்காலி விஷயம் அப்படியே நின்றது.

*

மாலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பகலெல்லாம் மேலே உட்கார்ந்துவிட்டதால் தகவல் மேசையில் கேள்விகள் குவிந்து கிடந்தன. அவற்றை முடித்துவிட்டுப் போகலாம் என்று பெரியவள் தங்கிவிட்டாள். எதிரே கவுண்டரில் சின்னவள். அவள் பக்கத்தில், நிர்வாகம் சோதனைக்காக வைத்திருந்த மெஷின் பச்சை விளக்கோடு நின்றுகொண்டிருந்தது.

வக்கீலம்மா படியிறங்கி வேகமாகக் கவுண்டருக்கு வந்தார்.

"கொஞ்சம் உதவி பண்ணுங்களேன். பதிவாளர் அறைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மேல கருத்தரங்க அறையைப் பூட்டிட்டாங்க. என் கைப்பை உள்ள இருக்கு. வீட்டுச் சாவி, போன் எல்லாம் அதுலதான்."

"பூட்டின அறையைக் காவலாளிதான் திறக்கணும்," என்றாள் சின்னவள்.

"அவர் எங்க?"

"ஆள் மாத்தற நேரம். கேட்டுக்குப் போயிருப்பார். எப்ப வருவார்னு தெரியாது." சின்னவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "வேணும்னா அந்த மெஷின்கிட்ட கேட்டுப் பாருங்க."

வக்கீலம்மா மெஷினைத் திரும்பிப் பார்த்தார். நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் இறங்கின.

சின்னவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கூரையை ஒரு பார்வை பார்த்தாள். "ச்சே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பறையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தாள். "இங்கயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு மாடியேறினாள்.

தகவல் மேசையில் இருந்த பெரியவள் குனிந்துகொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது. யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாயா என்று காலையில் சீறியவளா இவள்!

கவுண்டர் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் நின்றார். நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு அது போதும்.

"மேடம், இந்தப் புத்தகத்துல பாதிப் பக்கம் காணோம்."

"நான் இங்க வேலை பாக்கறவ இல்ல."

"மேடம், என் கார்டை மெஷின் முழுங்கிடுச்சு."

"நான்... ஒரு நிமிஷம் இருங்க, இப்ப வந்துடுவாங்க."

"எப்ப வருவாங்க?" என்றார் ஒரு பெரியவர். "அந்தப் பொண்ணு எனக்குத் தெனமும் பெரிய எழுத்துல நகல் எடுத்துக் குடுக்கும். நீங்க எடுத்துக் குடுக்கறீங்களா?"

மெஷின் சிவப்பு விளக்குப் போட்டுக் கீச்சிட்டது. வக்கீலம்மா அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். அது இன்னும் உரக்கக் கீச்சிட்டது. வரிசை நீண்டது. எழப் போன பெரியவள், அந்த அம்மாள் கொஞ்சம் பார்க்கட்டும் என்று உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் நின்ற மாணவி கழுத்தை எக்கிப் பார்த்தாள். "கவுண்டர் அக்கா இன்னிக்கு லீவா?"

"இல்ல, மேல போயிருக்காங்க. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். மூடற நேரம் வரைக்கும் இருப்பாங்கல்ல? அது தெரிஞ்சா போதும்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "பின் கேட்டுப் பாதைல விளக்கு எரியறதில்ல. அக்காதான் எங்களைச் சேத்துக் கூட்டிட்டுப் போய், எல்லாரும் பஸ் ஏறற வரைக்கும் கூடவே நிப்பாங்க. அவங்க பஸ் முன்னாடியே வந்தாலும் ஏற மாட்டாங்க."

தகவல் மேசையில் பெரியவளின் கை அப்படியே நின்றது.

கடைசி பஸ். தினமும் கடைசி பஸ்.

நல்லபடியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள். அதுவும் தான் கேட்ட மாதிரி கேட்டால் சொல்லவே மாட்டாள். நல்லது செய்கிறவர்களிடம் எதற்கென்று அதட்டினால், கெட்டது செய்தவர்களைப் போல அவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். உலகம் எத்தனையோ பேரின் இப்படிப்பட்ட சொல்லாத நன்மையில்தான் ஒவ்வொரு நாளும் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறது. யார் வீட்டுப் பிள்ளைகளையோ பத்திரமாக ஏற்றிவிட்டு வந்தவளை, தன் வீட்டு வாசலில் நிற்க வைத்து விசாரித்தோமே என்று பெரியவள் தன்னையே நொந்துகொண்டாள்.

சின்னவள் கைப்பையோடு இறங்கி வந்தாள். வரிசையைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். "தொடாதீங்கன்னு சொன்னேனே," என்று அதன் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினாள். கார்டு வெளியே வந்து விழுந்தது. பெரியவரின் தாள்களை வாங்கிக்கொண்டாள். கிழிந்த புத்தகத்தை பைண்டிங் கூடையில் போட்டாள். மாணவியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வக்கீலம்மா கைப்பையை வாங்கிக்கொண்டார். போகவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு, திரும்பித் தகவல் மேசைக்கு வந்தார்.

"இன்னொண்ணு கேக்கலாமா?"

"இங்க யாரு வேணா என்ன வேணா கேக்கலாம்," என்றது பெரியவளின் வாய். பழக்கம்.

"மாலை நேரத்துல ஆளை எடுத்துட்டு, அப்புறம் முடியாம மறுபடியும் ஆள் வெச்ச நூலகம் ஏதாவது இருக்கா? ஏன் வெச்சாங்கன்னு யாராவது எழுதியிருக்காங்களா?"

இருக்கிறது. எங்கே இருக்கிறது என்றும் பெரியவளுக்குத் தெரியும். நாளைக் காலை பசை கையில் கொடுக்கலாம் என்று மதியம் முதல் அவள் மனசில் வைத்திருந்ததே அதுதான்.

இந்த அம்மாள் ஏன் கேட்கிறார்? வரிசை முன்னால் நின்று பார்த்ததால் மனசு மாறியிருக்கலாம். இல்லை, சங்கம் நாளைக்கு எதை எடுத்து நீட்டும் என்று இன்றே தெரிந்துகொண்டு, அதற்குப் பதில் தயாரிக்கவும் இருக்கலாம். வக்கீல்தானே. அப்படியானால் தங்கையின் வேலை நிச்சயமாகப் போகும். அதையும் தன் கையாலேயே துண்டு வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

'எதுக்கு?' என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. பசையிடம் சொன்ன 'சரி' ஒரு பக்கம் இழுத்தது. காலையில் செருப்பு மாட்டுமுன் கடவுளிடம் கேட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. வாயை அவன் பார்த்துக்கொண்டான். அந்தச் சொல் வெளியே வரவில்லை.

அவள் தங்கையைப் பார்த்தாள். கவுண்டருக்கும் மேசைக்கும் நடுவே சில எட்டுத்தான். சின்னவளுக்கு எல்லாமே கேட்டிருக்கும்.

சின்னவள் நிமிரவில்லை. பெரியவருக்காக நகல் எடுத்துக்கொண்டே, உயரத்து அலமாரிக்கு ஏறும் சின்ன ஏணியைக் காலால் அக்கா பக்கம் தள்ளிவிட்டாள். சக்கரம் உருண்டு வந்து மேசைக்காலில் முட்டி நின்றது.

"ஏறும்போது பாத்து ஏறு," என்றாள், நகல் மெஷினைப் பார்த்தபடி. "போன தடவை சக்கரத்துக்குப் பிரேக் போடாம ஏறி இடுப்பைப் பிடிச்சிட்டு நின்னே. அப்புறம் அப்பாவை யாரு பாக்கறது?"

"சரிடி," என்றாள் பெரியவள். ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு நானும் கடைசி பஸ்லயே வரேன். உன்கூட."

சின்னவள் அடுத்த தாளை நகல் மெஷினில் வைத்தாள். காதோரம் மட்டும் சிவந்தது.

பெரியவள் ஏணியை உருட்டிக்கொண்டு உள் வரிசைக்குப் போனாள். வக்கீலம்மா பின்னால் நடந்தார். மேல் தட்டிலிருந்து மூன்று தொகுதிகளை இறக்கி, பக்கங்களைப் புரட்டி, தன் பையிலிருந்து அட்டைத் துண்டுகளை எடுத்து, முனை சாய்வாக நறுக்கியதைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். கடைசித் துண்டையும் வைத்து, வக்கீலம்மாவின் நீட்டிய கைகளில் கொடுத்தாள்.

அலமாரிகளின் முனையில் யாரோ நிற்பது தெரிந்தது.

பைண்டிங் கூடையை எடுத்துப்போக வந்த பசை. நெற்றியில் அந்தத் துணுக்கு அப்படியே இருந்தது. அவர் வக்கீலம்மாவின் கையில் இருந்த புத்தகங்களைப் பார்த்தார். துண்டுகளைப் பார்த்தார். பெரியவளைப் பார்த்தார். கூடை கையிலிருந்து நழுவியது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அந்த நூலகத்துக்குள் பசை குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

இன்று எல்லோரும் கேட்டார்கள்.